ராஜாவிடம் பதக்கம் வாங்கிய ஓவியர், பாட்டெழுதி ஜெயிலுக்குப் போனவர்: நாமக்கல் கவிஞரின் தூரிகைக் காலம்

லீவு போட்டு ஊர் சுற்றப் போகிறவர்களில் இப்போது ஒரு தனி ரகம் உருவாகியிருக்கிறது. கோயில், அருவி, ஹோட்டல் என்று ஓடிக்கொண்டே இருக்காமல், போன ஊரில் ரெண்டு மூணு மணி நேரம் உட்கார்ந்து ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு வருகிறவர்கள். புதுச்சேரி போனால் வாட்டர்கலர், மாமல்லபுரம் போனால் உளியும் கல்லும், தஞ்சாவூர் போனால் பலகையில் தங்க ரேக் ஒட்டுவது. ஐந்தாறு பேர் கொண்ட சின்னக் குழு, ஒரு ஆசிரியர், கையில் கறை, கடைசியில் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு படம். போட்டோ எடுப்பதை விட இது மனதில் நிற்கிறது என்கிறார்கள். உண்மைதான். ஒரு கோபுரத்தை அரை மணி நேரம் பார்த்து வரைந்தவருக்கு அந்தக் கோபுரம் மறக்காது.

இந்தப் பட்டியலில் சேலமும் நாமக்கல்லும் வருவதே இல்லை. நாமக்கல் என்றால் ஆஞ்சநேயர், முட்டை, லாரி. அப்புறம் கொல்லிமலைக்குப் போகிற வழி. அவ்வளவுதான். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணிலிருந்து ஒருவர் தூரிகையைத் தூக்கிக்கொண்டு டெல்லி வரைக்கும் போயிருக்கிறார். மனிதர்களை எதிரே உட்கார வைத்து வரைவதையே பிழைப்பாக வைத்திருந்திருக்கிறார். அவரை நமக்கு நன்றாகவே தெரியும், ஓவியராக மட்டும் தெரியாது. நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை.

பாடப் புத்தகத்தில் அவர் கவிஞர். சுதந்திர தின விழாவில் அவர் பாட்டு. சென்னைக் கோட்டையில் பத்து மாடிக் கட்டடத்துக்கு அவர் பெயர். தூரிகை மட்டும் எங்கேயோ நழுவிவிட்டது. கவிஞர் என்ற பட்டத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, படம் போடுகிற ராமலிங்கத்தைப் பார்க்கலாம்.

மோகனூர் பையன்

1888 அக்டோபர் 19. மோகனூரில் பிறந்தார். நாமக்கல்லிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். ஊரை ஒட்டிக் காவிரி. எதிர்க்கரையில் கரூர்ப் பக்கம். அப்போது மேட்டூர் அணை கிடையாது, அது கட்டி முடிந்ததே 1934இல்தான். அதனால் அவர் சின்ன வயதில் பார்த்த காவிரி, நாம் பார்க்கிற, மதகு திறந்தால் வரும் காவிரி இல்லை. ஆடியில் தானாகப் பொங்கி, கோடையில் தானாக ஒடுங்கிய ஆறு.

அப்பா வெங்கடராம பிள்ளை, போலீஸ் ஏட்டு. அம்மா அம்மணியம்மாள். ராமலிங்கம் எட்டாவது குழந்தை. ராமேஸ்வரத்தில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். ராமாயணமும் பாரதமும் அம்மா வாயால் கேட்டு வளர்ந்த பையன். பள்ளிப் படிப்பு நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும். கல்லூரி, திருச்சி பிஷப் ஹீபர். 1909இல் பி.ஏ.

இந்த பி.ஏ.வைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 1909இல் நாமக்கல் மாதிரி ஊரில் பி.ஏ. என்றால் பெயருக்குப் பின்னால் அந்த ரெண்டு எழுத்தும் சேர்ந்தே வரும். கல்யாணப் பத்திரிகையில் போடுவார்கள். சர்க்கார் வேலை வீடு தேடி வரும். போலீஸ் உத்தியோகத்தில் காலம் கழித்த அப்பாவுக்கு, மகனையும் அதே இலாகாவில், தன்னைவிடப் பெரிய பதவியில் பார்க்க வேண்டும் என்று ஆசை. இதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? ஏட்டின் மகன் சப்-இன்ஸ்பெக்டர் ஆவது அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய ஏற்றம்!

மகன் மாட்டேன் என்றுவிட்டார். கொஞ்ச நாள் நாமக்கல் தாசில்தார் அலுவலகத்தில் குமாஸ்தா. அதுவும் ஒட்டவில்லை. அப்புறம் தொடக்கப் பள்ளியில் வாத்தியார். அதிலும் நிலைக்கவில்லை. இடையில் முத்தம்மாளோடு கல்யாணமும் ஆகிவிட்டது. வீட்டில் பொறுப்பு ஏறிக்கொண்டே போகிற நேரத்தில் பி.ஏ. படித்த பிள்ளை பிழைப்பாக எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? படம் போடுவது.

ஒரு போலீஸ் ஏட்டின் வீட்டில் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஓவியம் வரையப் போகிறேன் என்று உங்கள் வீட்டில் சொல்லிப் பாருங்கள், தெரியும். அதையே 1910ஐ ஒட்டிய வருஷங்களில், மாதச் சம்பளம் என்பதே அபூர்வமாக இருந்த ஊரில் சொன்னார் ஒருவர்.

அப்போது ஏது வகுப்பு?

இன்றைக்கு யூடியூபைத் திறந்தால் மூக்கு வரைவது எப்படி என்று ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். அன்றைக்கு முறையாகப் படிக்க வேண்டுமென்றால் சென்னைக்குப் போக வேண்டும். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் 1850இல் தொடங்கிய கலைப் பள்ளி அங்கே இருந்தது. இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான். அதை விட்டால், ஏற்கெனவே தொழில் தெரிந்தவர் பக்கத்தில் போய் நிற்பது ஒன்றே வழி. அவர் காட்டினால் உண்டு.

பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். ரவி வர்மா கதையே இதற்குச் சாட்சி. கிளிமானூர் அரண்மனைப் பையன், 14 வயதில் திருவனந்தபுரம் அழைத்துவரப்பட்டவர். அங்கே எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் மதுரையிலிருந்து வந்த ராமசாமி நாயக்கர். பையனுக்குச் சொல்லித்தர அவர் மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் வாத்தியாருக்குத் தெரியாமல் உதவினார் என்பது வரலாறு. 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தபோது, அவர் வரைவதைப் பார்க்கத்தான் அனுமதி கிடைத்தது. பாடம் கிடையாது. அரண்மனைப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால் மோகனூர்ப் பிள்ளைக்கு?

அந்தக் காலத்து ஓவியர்களுக்கு ஒரு பொருள் பெரிய உதவி செய்தது. டியூப். ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841இல் தகரக் குழாயில் வண்ணத்தை அடைத்துக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் வண்ணத்தை அரைத்துப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள், குத்தித்தான் எடுக்க வேண்டும். டியூப் வந்த பிறகுதான் பிரெஞ்சு ஓவியர்கள் வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் கிளம்பினார்கள். நம் ஊர் ஓவியருக்கும் அதுதான் காலைக் கட்டவிழ்த்தது. ஒரு பெட்டிக்குள் டியூப், எண்ணெய், தூரிகை எல்லாம் அடங்கிவிட்டால் ரயில் ஏறிவிடலாம் இல்லையா?

ராமலிங்கம் வரைந்த முதல் படம் ராமகிருஷ்ண பரமஹம்சருடையது என்று அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். இதில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. பரமஹம்சர் 1886லேயே மறைந்துவிட்டார். ராமலிங்கம் பிறந்தது அதற்கு ரெண்டு வருஷம் கழித்து. அப்படியென்றால் அவருக்குக் கிடைத்தது ஏதாவது ஒரு அச்சுப் படமோ போட்டோவோதான். மறைந்துவிட்ட ஒருவரை ஒரு சின்னப் படத்தை வைத்துக்கொண்டு திரும்ப உயிரோடு உட்கார வைப்பது. அவர் தேர்ந்தெடுத்த தொழிலின் நடுநாடி இதுதான். அந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இறந்தவர் முகத்தை வரைகிற வேலை

அந்தக் காலத்தில் ஒரு வசதியான வீட்டின் முற்றத்தில் நுழைந்தால் எதிர்ச் சுவரில் பெரியவர் படம் இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் இன்றைக்கும் பார்க்கலாம். சந்தனப் பொட்டு, அங்கவஸ்திரம், நேராக நம்மையே பார்க்கிற கண்கள். போட்டோ எடுக்க வசதி வந்துவிட்டது, ஆனால் பெரிய அளவில் கலரில் அச்சிட வசதி வரவில்லை. அந்த இடைவெளியில் பிழைத்தவர்கள் உருவப்பட ஓவியர்கள்.

முறை இதுதான். உள்ளங்கை அளவு போட்டோவின் மேல் மெல்லிய பென்சிலால் கட்டம் போடுவார்கள். அதே எண்ணிக்கைக் கட்டத்தைப் பெரிய துணியிலோ தாளிலோ பெரிதாகப் போடுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன இருக்கிறதோ அதை அப்படியே பெரிய கட்டத்துக்கு மாற்றுவது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்தில் கொடிகட்டிப் பறந்த சினிமா பேனர்களும் பின்னாளில் இதே கட்டத்தில்தான் உருவாயின. கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் கட்டம் மூக்கின் நீளத்தைத் தரும், அந்த மனிதரைத் தராது. போட்டோவில் கறுப்பாக இருக்கும் நிழலுக்குள் தோல் என்ன நிறம்? உதட்டோரம் எவ்வளவு இறுக்கம்? இதையெல்லாம் ஓவியர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதைவிடக் கஷ்டம், தீர்ப்பு சொல்கிறவர்கள். அப்பா படத்தைப் பார்த்து மகன் சரி என்பான், மகள் தலையை ஆட்டுவாள், விதவைத் தாயார் ஒன்றும் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் கூலி. என்னைக் கேட்டால் எந்த ஓவியப் பள்ளியும் இவ்வளவு கறாரான பரீட்சை வைத்ததில்லை. ஓவியக் கண்காட்சிக்கு வருகிறவர் மரியாதைக்காவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். செத்துப்போன தகப்பன் முகம் வரவில்லை என்றால் எந்தப் பிள்ளையும் மரியாதை பார்க்க மாட்டான்.

டெல்லிப் பயணம்

1911 டிசம்பர் 12. டெல்லியில் தர்பார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியாவின் சக்கரவர்த்தியாக நேரில் வந்து அமர்ந்த நாள். தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுகிறோம் என்று அறிவித்ததும் அதே மேடையில்தான். சமஸ்தான ராஜாக்கள் வரிசையில் நின்று வணங்கினார்கள். அந்த முடிசூட்டு விழாவை ஒட்டி நம்ம மோகனூர்க்காரர் மன்னரை வைத்து ஒரு படம் வரைந்தார். 1912இல் அந்தப் படத்துக்காக அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்போது வயது 23, 24.

இன்றைக்கு நாமக்கல் ஸ்டேஷனில் ரயில் நிற்கிறது. ஆனால் சேலம்-கரூர் பாதை திறந்தது 2013இல்தான். 1911இல் நாமக்கல்லிலிருந்து டெல்லி போக, முதலில் வண்டி கட்டிக்கொண்டு கரூருக்கோ சேலத்துக்கோ போக வேண்டும். கரூர் என்றால் நடுவில் காவிரி. பாலம் இல்லாத காலத்தில் பரிசல்தான். அதற்கப்புறம் சென்னை, அங்கிருந்து நாட்கணக்கில் வடக்கே. கையில் ஈரம் படக்கூடாத ஓவியச் சாமான்களோடு கிளம்புகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு டவுன் பி.ஏ.க்கு அந்தப் பதக்கம் எல்லாக் கதவையும் திறந்துவிடக்கூடியது. ராஜாவே கொடுத்த அங்கீகாரம். அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கலெக்டர் பங்களாக்களையும் ஜமீன் அரண்மனைகளையும் சுற்றி வந்திருந்தால் காலத்துக்கும் கஷ்டமில்லை. ரவி வர்மாவுக்குப் பிறகு தெற்கே இன்னொரு அரண்மனை ஓவியர் என்று சரித்திரத்தில் ஒரு வரி கிடைத்திருக்கும். அந்தப் பாதையில் அவர் போகவில்லை. திலகர் பேச்சு ஏற்கெனவே மனதைக் கலைத்திருந்தது. அடுத்து காந்தி வந்தார்.

கானாடுகாத்தானில் ஒரு பண்டமாற்று

காந்தி பக்கம் முழுதாகப் போவதற்கு முன் நடந்த ஒரு சந்திப்பைச் சொல்ல வேண்டும். இடம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான். பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியேறிக் கடையத்தில் இருந்த காலம். கானாடுகாத்தானில் வை.சு. சண்முகம் செட்டியார் அவரைப் போற்றி ஆதரித்தவர். அங்கே வந்திருந்த பாரதியிடம் ராமலிங்கத்தை ஓவியர் என்றுதான் அறிமுகம் செய்தார்கள். கவிஞர் என்று இல்லை.

பாரதி விளையாட்டாக ஒரு பண்டமாற்று பேசினாராம். நீர் என்னைப் படத்தில் எழுதும், நான் உம்மைக் காவியத்தில் எழுதுகிறேன் என்ற பொருளில். அப்புறம்தான் கூட இருந்தவர்கள் இவர் பாட்டும் கட்டுவார் என்று சொல்ல, பாரதி பாடச் சொல்ல, நாடகத்துக்காக எழுதிய பாட்டு ஒன்றை இவர் பாடிக்காட்டினார். நம் அரசை அடுத்தவன் ஆள விட்டுவிட்டு நிற்கிறவர்களைக் குத்துகிற முதலடியிலேயே பாரதி துள்ளிவிட்டார். ஐயமே இல்லை, இவர் புலவர் என்று தீர்ப்புச் சொன்னார்.

தமிழ் இலக்கியம் இந்தச் சம்பவத்தை ஒரு கவிஞர் பிறந்த கதையாகச் சொல்லும். எனக்கு அந்தப் பண்டமாற்றின் மேல்தான் ஆசை. பாரதிக்கு இருக்கிற போட்டோக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனையும் கறுப்பு வெள்ளை. அந்தக் கண்ணின் சிவப்பும் முகத்தின் நிறமும் எப்படி இருந்தன என்று காட்ட ஒரு படம் கிடையாது. எதிரே உட்கார்ந்திருந்தவரோ முகம் வரைவதையே தொழிலாக வைத்திருந்தவர்!

ஓவியராகப் போன இடத்தில் பாட்டுக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். அந்த நாளிலிருந்து தராசு பாட்டுப் பக்கம் சாயத் தொடங்கியது என்று எடுத்துக்கொள்ளலாம். எஸ்.ஜி. கிட்டப்பாவின் நாடகங்களுக்கும் பாட்டு எழுதினார்.

தூரிகை கீழே இறங்கியது

காங்கிரஸில் அவர் பெயருக்குச் சேர்ந்தவர் இல்லை. நாமக்கல் வட்டாரக் காங்கிரஸ் தலைவர், கரூர் வட்டாரத் தலைவர், திருச்சி மாவட்டக் காங்கிரஸ் செயலாளர் என்று ஓடியாடி வேலை பார்த்தவர். கூட்டங்களில் நன்றாகப் பேசுவார். அதே வட்டாரத்தில் சேலம் வக்கீல் ராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதர் நூற்க வைத்துக்கொண்டிருந்தார். சேலமும் நாமக்கல்லும் அன்றைக்கு அரசியலில் சூடான ஊர்கள்.

இப்படி ஓடுகிறவர் எங்கே உட்கார்ந்து படம் போடுவது? உருவப்படம் பொறுமை கேட்கும். எண்ணெய் வண்ணம் காய நாள் கேட்கும். ஒரு முகத்துக்கு வாரக்கணக்கு. பாட்டு அப்படி இல்லை, நடந்துகொண்டே கட்டலாம், ஆயிரம் பேர் வாங்கிப் பாடலாம். ஒரு வீட்டுச் சுவரில் தொங்குகிற படத்தை அந்த வீட்டார் பார்ப்பார்கள். ஊர்வலத்தில் பாடுகிற பாட்டுக்குச் சுவரே தேவையில்லை. நாட்டுக்கு அப்போது தேவைப்பட்டது ரெண்டாவது. அவர் கணக்கும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் கையில் வித்தை உள்ள ஒருவருக்கு அதை இறக்கி வைப்பது சாதாரண இழப்பு இல்லை.

1930 ஏப்ரல் 13. ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட 150 மைல். வழியில் சோறு போடுகிறவர்களையே மிரட்டியது சர்க்கார். அந்த நடைக்கு ஒரு பாட்டு வேண்டும். கத்தியும் ரத்தமும் இல்லாத யுத்தத்தைப் பற்றி ராமலிங்கம் எழுதிய பாட்டைத்தான் தொண்டர்கள் வழிநெடுகப் பாடிக்கொண்டு போனார்கள். ஏப்ரல் 30ஆம் தேதி உப்பு அள்ளினார்கள். நாமக்கல் கவிஞர் என்ற பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது அந்தப் பாட்டால்.

1932இல் அவரையும் பிடித்து உள்ளே போட்டார்கள். ஒரு வருஷ சிறை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் படத்துக்குத் தங்கப் பதக்கம் வாங்கியது 1912. அதே ஐந்தாம் ஜார்ஜ் ஆட்சியில் கம்பி எண்ணியது 1932. சரியாக இருபது வருஷம். ராஜா மாறவில்லை.

பிறகு வந்ததெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. 1949இல் சென்னை மாகாண அரசு அவரை ஆஸ்தான கவிஞராக்கியது, அந்தப் பதவியில் முதல் ஆள். மேலவை உறுப்பினராகவும் இருந்தார். தமிழன் இதயம், சங்கொலி என்று கவிதைத் தொகுதிகள், திருக்குறளுக்கு உரை, என் கதை என்ற தன்வரலாறு. மனைவி முத்தம்மாள் காலமான பிறகு அவருடைய தங்கை சௌந்தரம்மாளை மணந்து குடும்பத்தை நடத்தினார்.

மலைக்கள்ளன் நாவலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு அதைப் படமாக எடுத்தார். எம்.ஜி.ஆர்., பானுமதி நடிக்க, கருணாநிதி வசனம். 1954இல் வந்து ஓடு ஓடென்று ஓடியது. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் படம். கதாநாயகன் வெளியே ஒரு முகமும் மலைக்குள் வேறு முகமுமாக உலவுகிறவன். முகம் வரைந்து பிழைத்தவருக்கு இப்படி ஒரு கதை தோன்றியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1971இல் பத்மபூஷண். அடுத்த வருஷம் 1972 ஆகஸ்ட் 24 அன்று, 83ஆவது வயதில் மறைந்தார்.

நாமக்கல்லுக்கு ஸ்கெட்ச் புக்கோடு போனால்

அடுத்த முறை கொல்லிமலைக்குக் கிளம்பும்போது நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நாளை நாமக்கல்லுக்கு ஒதுக்குங்கள். வரையத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் போதும், அவர்தான் வாத்தியார். ஆளுக்கு ஒரு ஸ்கெட்ச் புக், ரெண்டு பென்சில், ஒரு சின்ன வாட்டர்கலர் பெட்டி, தண்ணீர் பாட்டில், தொப்பி. வெயில் இங்கே விளையாட்டில்லை, காலை ஆறரைக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

முதல் பாடம் ஊர் நடுவில் நிற்கிற மலையேதான். ஒரே பாறை, 200 அடிக்கு மேல் உயரம், உச்சியில் கோட்டை. அடியில் கமலாலயக் குளம். பாறையின் ஒரு பக்கம் நரசிம்மர் குடைவரை, இன்னொரு பக்கம் அரங்கநாதர் குடைவரை. ரெண்டும் எட்டாம் நூற்றாண்டு வாக்கில் அதியமான் வழியினர் குடைந்தவை. எதிரே கூரையில்லாமல் வெட்டவெளியில் கைகூப்பி நிற்கிற 18 அடி ஆஞ்சநேயர். பாறையைக் கோடாக வரையாதீர்கள், நிழலாக வரையுங்கள். காலையில் கிழக்குப் பக்கம் வெளிச்சம், மாலையில் மேற்கு. ஒரே பாறை ரெண்டு வேளையில் ரெண்டு மலையாகத் தெரியும். குடைவரைக்குள் வரைவதாக இருந்தால் கோயிலில் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். மூன்றடி எடுத்து உலகளக்கிற திரிவிக்கிரமரின் தூக்கிய காலை வரைந்து பார்த்தால் அந்தச் சிற்பியின் தைரியம் புரியும்.

நேரம் இருந்தால் சேலம் பக்கம் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். கெட்டி முதலிகள் எழுப்பிய கோயில். அங்கே வாலி, சுக்ரீவன், ராமன் தூண்கள் இருக்கின்றன. ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி இருக்கும் இடத்திலிருந்து ராமன் தெரிய மாட்டான். பார்வைக் கோணம் என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எந்த வாத்தியாரும் சொல்லித்தர முடியாது. ரெண்டு இடத்திலும் உட்கார்ந்து, தெரிவதை மட்டும் வரையுங்கள்.

மாலையில் மோகனூர். ஆற்றங்கரையில் இருட்டும் வரை உட்காரலாம். இங்கே ஆற்றை வரைய வேண்டாம், ஒருவர் முகத்தை ஒருவர் வரையுங்கள். இருபது நிமிஷம் அசையாமல் ஒருவர் உட்கார, மற்றவர்கள் வரைய, அப்புறம் ஆளை மாற்றிக்கொண்டு. முதல் அஞ்சு நிமிஷம் சிரிப்பாக இருக்கும். பத்தாவது நிமிஷம் எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள். முடித்த படத்தை வரைந்தவர் பெயர் சொல்லாமல் வைத்து, இது யார் என்று உட்கார்ந்திருந்தவரின் வீட்டாருக்குப் போனில் அனுப்பிக் கேளுங்கள். ராமலிங்கத்துக்குக் கூலி கொடுத்தவர்கள் வைத்த அதே பரீட்சை.

நாமக்கல்லில் அவர் வீடு இப்போது அரசு நினைவு இல்லமாக இருக்கிறது, உள்ளே நூலகம். காலை வகுப்பு முடிந்து வெயில் ஏறியதும் அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்காரலாம். என் கதை கிடைத்தால் எடுத்துப் புரட்டுங்கள்.